என் காசுக்குள் ஒரு மடிக் கம்ப்யூட்டர்

786

அருப்புக்கோட்டை
20.2.1997

அன்பு அண்ணனுக்கு ரஹ்மத்து சலாம் சொல்லி எழுதுவது.

இந்தப் பெருநாளையும் நீ இல்லாமல்தான் கழித்தோம். அத்தாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மதினி சுகம். ஆஃப்ரின் ஒன்றாம் வகுப்பில் எல்லாரையும் அதட்டிக்கொண்டு இருக்கிறாள், உன் மகள்தானே. நீ தம்மாமில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வேனை ஓட்டிக்கொண்டே குப்பூஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். சங்கரபாண்டியன் அண்ணாச்சி கடையை விடுகிறார். திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிரே நான் டைப் அடிக்கும் அந்தத் தகரக் கொட்டகைதான். மகனோடு கோயம்புத்தூரில் போய் இருக்கப் போகிறாராம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏ ரகமத்து, இந்த எடத்த வெளியாளுக்கு விட மனசு வரல. நீயே நடத்து. ஆனா மிஷினு காலம் முடிஞ்சு போச்சு பாத்துக்க. நீ ஒரு கம்ப்யூட்டரு கொண்டாந்தா, எம் பிரிண்டர ஒனக்கே விட்டுட்டுப் போறேன். ஆவணி முடிய பொறுக்கேன்."

அண்ணே, அவர் சொன்னதும் எனக்கு பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை கால் தரையில் பாவவில்லை. என் கடை! தாலுகா ஆபீசுக்கு வரும் சனம் எல்லாம் மனு எழுத என்னிடம்தான் வரும். பட்டா மாற்றம், விதவைப் பென்ஷன், மிளகாய் கருகிப்போனதற்கு நிவாரணம் என்று திருச்சுழியில் மனுவுக்கா பஞ்சம்? மழைக்குத்தான் பஞ்சம்.

எனக்கு மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் ஆகாது. அந்தக் கொட்டகைக்குப் பூட்டு என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது. ராத்திரி விட்டுவிட்டு வந்தால் காலையில் மேஜைகூட இருக்காது. கரண்டும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் மடியில் வைத்து அடிக்கிறார்களே, லேப்டாப், அதுதான் சரி. சாயங்காலம் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். கரண்டு போனாலும் பேட்டரியில் ஓடும். டைப்ரைட்டரில் ஒரு எழுத்துப் பிசகினால் முத்திரைத்தாள் பாழ். இதில் திரையிலேயே திருத்தலாம்.

நீ கம்ப்யூட்டர் கடைக்குத்தானே வேன் ஓட்டுகிறாய். அங்கே பழசு மலிவாகக் கிடைக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்குப் பழசு போதும். கறுப்பு வெள்ளைத் திரை போதும். பிளாப்பி போடும் வசதியும் பிரிண்டர் சொருகும் இடமும் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தை நான் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் பிளாப்பியில் ஏற்றித் தருகிறார்கள். வாங்கும் முன் விசை ஒவ்வொன்றையும் அழுத்திப் பார். கரண்டைப் பிடுங்கிவிட்டு பேட்டரி நிற்கிறதா என்று பார். நான் சீட்டு எடுத்த பணம் மொத்தத்தையும் மதினி கையில் கொடுத்திருக்கிறேன். நீ வீட்டுக்கு அனுப்புவதில் அதைக் கழித்துக்கொள். அந்தக் காசுக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை உடனே போடு.

உன் தங்கை
ரஹ்மத் நிஷா


786

தம்மாம்
17.3.1997

வாயாடித் தங்கச்சி ரஹ்மத்துக்கு, அண்ணன் அனீஸ் துஆவுடன் எழுதுவது.

நான் நல்ல சுகம். அத்தாவுக்கு முழங்காலில் தடவ தைலம் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வெயில் இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஆரம்பித்தால் நம்ம ஊர் வெயில் இங்கே வந்து பாடம் படிக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், ரூமில் இருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினேன். "ஒன் தங்கச்சி கம்ப்யூட்டரு வாங்குதா, மாடு வாங்குதா? பல்ல புடிச்சுப் பாக்கச் சொல்லுது" என்றார்கள். நீ சொன்னபடி ஒன்று கடையில் இருக்கிறது. ஒரு கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போன பழசு. கறுப்பு வெள்ளைதான். எல்லா விசையும் அழுத்திப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பேட்டரியும் நிற்கிறது. உன் காசுக்குச் சரியாக அடங்கும்.

ஆனால் ரஹ்மத்து, அதைப் பார்க்கவே மனசு வரவில்லை. மூடியில் கீறல், ஓரம் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. பக்கத்திலேயே புதுசு ஒன்று வைத்திருக்கிறார்கள். கலர் திரை, பாட்டு கேட்கலாம், சிடி போடலாம். மூடியைத் திறந்தால் கடையே வெளிச்சமாகிறது. நீ சின்னதாகவே கேட்டுப் பழகிவிட்டாய். யோசித்து எழுது.

ஆஃப்ரினுக்கு என் முத்தம்.

அண்ணன்
முகம்மது அனீஸ்


786

அருப்புக்கோட்டை
6.4.1997

அண்ணனுக்கு சலாம். எல்லாரும் சுகம், உன் சுகத்தை எழுது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அத்தா ஆடு பார்க்கப் பாலவனத்தம் போயிருக்கிறார்.

யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பழசைத்தான் வாங்கு. ஓரம் மஞ்சள் பூத்திருந்தால் என்ன, நான் அதற்கு மருதாணியா வைக்கப் போகிறேன்? பட்டா மாற்ற மனு கலரிலா வரும்? பாட்டு எதற்கு? ஆவுடைத்தாய்க் கிழவி பென்ஷன் மனு எழுத வந்து உட்கார்ந்தால் ஒப்பாரியே வைக்கும், அதைக் கேட்டால் போதும் எனக்கு.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். இதை நிதானமாகப் படி. பழசை ஏன் கேட்கிறேன் தெரியுமா? அது என் சீட்டுக் காசுக்குள் அடங்குகிறது. என் காசில் வாங்கினால் அது என்னுடையது. அத்தா கேட்டாலும், நாளைக்கு யார் வந்து கேட்டாலும், என் சம்பாத்தியம் என்று சொல்லி அதன்மேல் கை வைத்துக்கொள்வேன். உன் காசு ஒன்று அதில் கலந்துவிட்டால் அது வீட்டுச் சாமான். வீட்டுச் சாமானுக்கு நம் வீட்டில் யார் சொந்தக்காரர் என்று உனக்கே தெரியும்.

அத்தா நேற்றுக்கூட, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய சாமான்? நரிக்குடியில இருந்து ஒரு எடம் வருது. அவுகளுக்கு என்ன பதில் சொல்ல?" என்று மதினியிடம் சத்தம் போட்டார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அந்தச் சத்தம். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடையை ஆரம்பித்துவிட்டேன் என்றால் வருகிறவர்கள் கடையோடு சேர்த்து என்னைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அதற்குத்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

பழசு, அண்ணே. பழசு. அடிக்கோடு போட்டிருக்கிறேன் பார்.

உன் சுகத்துக்கு துஆ செய்யும்
ரஹ்மத் நிஷா


786

தம்மாம்
25.5.1997

அருமைத் தங்கச்சிக்கு அண்ணனின் சலாம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வெயில் வந்துவிட்டது. வேன் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வேகிறது. மற்றபடி அல்லாஹ் உதவியால் சுகம்.

நான் புதுசையே வாங்கிவிட்டேன்!

உடனே மூஞ்சியைத் தூக்காதே. முதலாளி எனக்கென்று விலை குறைத்தார். உன் காசுக்கு மேலே ஆனதை நான் போட்டுக்கொண்டேன். அதற்கு நீ கணக்கெல்லாம் பார்க்காதே. அனீஸ் தங்கச்சி கையில் யாரோ எறிந்துவிட்டுப் போன சாமானா இருப்பது? ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அந்தப் பழசைக் கீழக்கரைக்காரர் ஒருவர் மகனுக்கென்று வாங்கிப் போய்விட்டார், அதனால் இனி அந்தப் பேச்சும் இல்லை.

ஊருக்கு லீவில் வரும் கூட்டாளியிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஏர்போர்ட்டில் கேட்டால் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வார். பிளாப்பி இருக்கிறது, பிரிண்டர் சொருகும் இடம் இருக்கிறது, நீ கேட்டது எல்லாம் இருக்கிறது. கேட்காததும் இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு எழுது. உன் சந்தோஷத்தைப் படிக்கக் காத்திருப்பேன்.

அத்தாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

அண்ணன்
அனீஸ்


786

அருப்புக்கோட்டை
22.6.1997

அண்ணனுக்கு சலாம். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை.

சாமான் பத்திரமாக வந்து சேர்ந்தது. அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துவிடும். ஆனால் அண்ணே, வாங்கும்போது விசையைப் பார்த்தாயா இல்லையா? இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு விசையிலும் அரபி எழுத்து அச்சடித்திருக்கிறதே!

உனக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது. நீ அங்கே சோப்பு உறையிலும் குப்பைத் தொட்டியிலும் அரபியைப் பார்த்துப் பழகிவிட்டாய். நம் அத்தா அரபி எழுத்துப் போட்ட பேரீச்சம்பழ உறையைக்கூடக் கீழே போட மாட்டார், மடித்து ஓட்டில் சொருகி வைப்பார். மூடியைத் திறந்ததும் அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். நேராகப் போய், தொழுகைக்குப் போல் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தார். அப்புறம் நடந்த பேச்சு இது.

"இத எங்க வச்சு அடிப்ப?"

"மேஜையில. எடமில்லன்னா மடியில."

"மடியிலயா? யா அல்லா! ஓதுற எழுத்த மடியில வச்சுக்கிட்டு, வட்டிக்கேசு மனு அடிப்பியா?"

"அத்தா, அது ஓதுற எழுத்து இல்ல. வெறும் அலிபு, பே. அந்த ஊர்ல சினிமாவுக்கும் இந்த எழுத்துலதான் போஸ்டர் ஒட்டுதாக."

"அந்த ஊர்ல என்னவும் செய்யட்டும். எங் கண்ணு முன்னால நடக்காது."

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர் மனசார நம்புகிறார். பள்ளிவாசல் அஜரத்தை மதினி வரவழைத்தார். அவரும் வந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் குத்தமில்ல பாய், எழுத்து எல்லாம் எழுத்துதான், புள்ள தாராளமா வேல பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தா தலையாட்டினார். அஜரத் தெருமுனை திரும்பியதும், "சின்ன வயசு அஜரத்து, அவருக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார். நான் விசைமேல் காகிதம் ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். எனக்கு விசையில் எழுத்தே வேண்டாம், டைப் படித்தவள் குனிந்து பார்த்தா அடிக்கிறாள்? அதற்கு அவர் கோபம் இன்னும் கூடிப்போனது. "அந்த எழுத்தவா மறைக்கப் போற?" என்றார்.

இப்போது அது பட்டுத்துணி சுற்றி, முன்னறையில், குர்ஆன் வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நான் எட்டிப் பார்த்துவிட்டுத் திருச்சுழிக்குப் போய் அந்தப் பழைய டைப்ரைட்டரையே தட்டிவிட்டு வருகிறேன். ஆவணி வந்துகொண்டே இருக்கிறது.

நீ அத்தாவுக்கு ஒரு கடிதம் எழுது. இது ரஹ்மத்து வேலைக்கு வாங்கியது, அவள் கையில் கொடுங்கள் என்று தெளிவாக எழுது. உன் பேச்சைக் கேட்பார். அரபு நாட்டில் இருக்கும் மகன் சொன்னால் அவருக்கு ஃபத்வா மாதிரி.

ரஹ்மத் நிஷா


786

தம்மாம்
3.8.1997

தங்கச்சிக்கு சலாம். உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. எனக்கு இடையில் காய்ச்சல் வந்து தேறிவிட்டேன், வீட்டில் சொல்லாதே.

அரபி எழுத்து விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை ரஹ்மத்து, சத்தியமாக. அத்தாவுக்கு எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பொறு. சாமான் எங்கே ஓடிப்போகப் போகிறது? அலமாரியில் தூசி படாமல் பத்திரமாக இருக்கட்டும்.

நரிக்குடி இடம் நல்ல இடம் என்று அத்தா எழுதியிருந்தார். மாப்பிள்ளை சிக்கந்தர் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறாராமே. படித்தவர்களா? இந்த மாதிரி நவீன சாமானெல்லாம் அவர்களுக்குப் பிடிக்குமா? சும்மாதான் கேட்டேன்.

வேறொன்றுமில்லை.

அனீஸ்


786

அருப்புக்கோட்டை
7.9.1997

அண்ணே, சலாம். காய்ச்சல் விட்டதா? ஆஃப்ரின் உன் போட்டோவுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள்.

நரிக்குடியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவர் அண்ணன், கூட நாலைந்து பேர். என்னைப் பார்த்ததைவிட அலமாரியைத்தான் அதிகம் பார்த்தார்கள். "அது என்ன பாய், பட்டுத்துணியில பொதிஞ்சு வச்சிருக்கீக?" என்று மாப்பிள்ளையின் அண்ணன் கேட்டார். அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எடுத்துப் பிரித்தார். அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்து, விசையை விசையை அழுத்தி, திரையைத் தடவி, "கலரு! பாரு, கலரு!" என்று ஒரே கூத்து. ஒருத்தர்கூட ஒளு செய்யவில்லை. மிக்சர் தின்ற கை. அத்தா சிரித்துக்கொண்டு நின்றார். ஓதுகிற எழுத்து அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா, "நாங்க கைக்கூலி, வரதட்சணன்னு ரொக்கமா ஒண்ணும் கேக்க மாட்டோம். நீங்களா ஆசப்பட்டு மாப்பிள்ளைக்குச் செய்யிறதச் செய்யிங்க" என்று சொல்லிவிட்டு அதையே பார்த்தார். அத்தா உடனே, "இது மாப்பிள்ளைக்குன்னே எம் மவன் சவுதியில இருந்து அனுப்பிச்சதுதான்" என்றார்.

நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன்.  அவர்கள் போனதும் போய்ச் சண்டை போட்டேன். "அது எஞ் சீட்டுக்காசு அத்தா" என்றேன். "ஓங் காசு அதுல கால்வாசி இருக்குமா? மிச்சம் அனீசு காசு. அவனே எழுதிட்டான், மாப்பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லி" என்றார்.

அந்தக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. எனக்கு அதைப் பார்க்கவும் வேண்டாம். நீ சொல். நீ அப்படி எழுதினாயா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும்.

அந்தக் கீறல் விழுந்த பழசை வாங்கியிருந்தால் இவர்களில் ஒருத்தர் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார்களா? இந்நேரம் நான் கடையில் உட்கார்ந்து மனு அடித்துக்கொண்டு இருந்திருப்பேன். சங்கரபாண்டியன் அண்ணாச்சி புரட்டாசி பிறக்கிறவரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். உடனே எழுது.

ரஹ்மத்து


786

தம்மாம்
19.10.1997

அன்புத் தங்கச்சிக்கு, சலாம். உடம்பு தேவலை. இங்கே வேலை அதிகம், முதலாளி மகன் கடையை எடுத்துக்கொண்டதிலிருந்து நிம்மதி இல்லை. யாரை எப்போது ஊருக்கு அனுப்புவான் என்று தெரியவில்லை. மழை பெய்ததா? கண்மாயில் தண்ணீர் வந்ததா?

கல்யாணத் தேதி குறித்ததை அத்தா எழுதினார். மனசு நிறைந்தது. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அவர்கள் ரொக்கமாகக் கேட்டிருந்தால் நான் எங்கே போவேன், சொல். இப்போது இருக்கிற நிலைமையில் அது அல்லாஹ் பார்த்துச் செய்த லேசு. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன, அது உன் வீடுதானே. அத்தா சொல்வதைக் கேட்டு நட.

உன் கல்யாணத்துக்குச் சேலை அனுப்புகிறேன். என்ன கலர் வேண்டும் என்று எழுது.

அனீஸ்


786

நரிக்குடி
30.11.1997

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, சலாம். நலமாக இருக்கிறீர்களா? நான் நலம். சேலை வந்தது. என்ன கலர் என்று நான் எழுதாததால் நீங்களே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். விலை உயர்ந்ததுதான்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது என்று அத்தா எழுதியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

முதல்நாளே சீரோடு சேர்த்து அந்தக் கம்ப்யூட்டரைத் தாம்பாளத்தில் வைத்து, மேலே மல்லிகைப்பூச் சுற்றி, மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள். அதோடு அது அவருடையதாகிவிட்டது. மறுநாள் நிக்காஹ். என் சார்பில் வக்கீலாக நின்ற பெரியவரும் இரண்டு சாட்சிகளும் சம்மதம் கேட்க என் அறைக்கு வந்தார்கள். "நரிக்குடி சிக்கந்தருக்கு, அவுக ஒனக்குக் குடுக்குற ஒரு கிராம் தங்கம் மஹருக்கு, ஒன்னைய நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டார்.

கூடியிருந்த பெண்கள், "சும்மா தலைய ஆட்டு புள்ள" என்று முதுகைக் குத்தினார்கள். எனக்குத் தலை ஆடவில்லை. நிமிர்ந்து சொன்னேன்.

"நிக்காஹுக்குச் சம்மதம். மஹருக்குச் சம்மதமில்ல. தங்கம் வேண்டாம். நேத்து அவுக வாங்குனாகளே, அந்தக் கம்ப்யூட்டரு, அதுதான் எனக்கு மஹரு."

அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.  வெளியே பந்தலுக்குச் செய்தி போனது. மாப்பிள்ளையின் அண்ணன் குதித்தாராம், "குடுத்தத திரும்பக் கேக்குறதா? என்ன குடும்பம்யா இது?" என்று. அத்தா எழுந்து, "அவ கெடக்கா, நீங்க எழுதுங்க" என்றாராம். அந்தச் சின்ன வயசு அஜரத்துதான் பேனாவை மூடி வைத்துவிட்டார். "மஹரு பொண்ணோட ஹக்கு, அவ உரிம. அத அத்தா மாத்த முடியாது. மாப்பிள்ளைக்கு இஷ்டமிருந்தா எழுதுறேன், இல்லன்னா எந்திரிக்கேன்" என்று சொல்லியிருக்கிறார்.

சிக்கந்தர்தான் கடைசியில், "எழுதுங்க" என்றாராம். ஊர் முன்னால் வேறென்ன சொல்வார். பள்ளிவாசல் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். மஹர்: கம்ப்யூட்டர் ஒன்று.

சோறு வைக்கும்போது அத்தா என்னைப் பார்க்கவில்லை. வண்டி ஏறும்போதும் பார்க்கவில்லை. நான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் கேட்டதற்காக அழவில்லை.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பதில் வந்ததாக எடுத்துக்கொண்டேன்.

தங்கள் தங்கை
ரஹ்மத் நிஷா


786

தம்மாம்
18.1.1998

ரஹ்மத்துக்கு, அண்ணன் நோன்போடு எழுதுவது. சலாம். நீயும் நோன்பு பிடிப்பாய் என்று நினைக்கிறேன். சஹருக்கு எழுந்து சாப்பிடாமல் படுத்துவிடாதே.

நீ என்னை எப்போதிலிருந்து "நீங்கள்" என்று எழுதுகிறாய்? பிரித்துப் படித்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

நடந்ததை உன் மதினியும் எழுதியிருந்தாள். இங்கே நம் பக்கத்து ஆட்கள் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. "ஒன் தங்கச்சி கம்ப்யூட்டர கட்டிக்கிட்டாளாமே" என்கிறார்கள். அத்தா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக்கூட நம் பள்ளிக்குப் போவதில்லையாம், தூரத்துப் பள்ளிக்குப் போகிறாராம். நீ கேட்டதில் தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்ட இடம் தப்பு. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மாப்பிள்ளையிடம், மஹரை மன்னித்துவிட்டேன், எனக்கு வேண்டாம், மாப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. எத்தனையோ பெண்கள் சொல்வதுதானே. அவர் மனசும் குளிரும், அத்தாவும் தலைநிமிர்ந்து நடப்பார்.

நான் அப்போது அத்தாவுக்கு எழுதியது உனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான். அல்லாஹ் அறிவான்.

ஏப்ரலில் லீவு கிடைத்துவிட்டது. என்ன வாங்கி வரட்டும்? எதுவானாலும் கேள். நல்லதாகப் பார்த்து வாங்கி வருகிறேன்.

அண்ணன்
அனீஸ்


786

நரிக்குடி
22.2.1998

அண்ணன் அவர்களுக்கு, சலாம். நோன்பு முப்பதும் பிடித்தேன், உடம்பு சுகம். நீங்கள் சுகமாக ஊர் வந்து சேர துஆ செய்கிறேன்.

மாப்புச் சொல்லும்படி நீங்கள் மட்டும் கேட்கவில்லை. மாமி நோன்பு திறக்கும்போதெல்லாம் கேட்டார்கள். முதல் ராத்திரி அவரும் கேட்டார். "மாப்புன்னு ஒரு வார்த்த சொல்லீரு ரகமத்து. பொருளு எங்க போவுது, இங்கதான இருக்கும்" என்றார். "இங்கதான இருக்கும்னா எதுக்கு மாப்பு?" என்றேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. கை நீட்டியதில்லை, வைததில்லை. நான் மாப்புச் சொல்லவும் இல்லை. சொல்லப் போவதும் இல்லை. புத்தகத்தில் எழுதினது எழுதினதுதான்.

அதனால் கம்ப்யூட்டர் என்னுடையது. இதை இந்த வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். அண்ணாச்சி கடை கைவிட்டுப் போனாலும் தாலுகா ஆபீஸ் வாசலில் ஓர் இடம் பிடிக்கலாம் என்று, போன மாதம் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, திருச்சுழிக்குப் போயிட்டு வாரேன் என்று கிளம்பினேன். அவர் வாசலில் நின்றார். "ஓம் பொருள யாரு இல்லன்னது? ஒனக்கு வேணும்னா வச்சுக்க. ஆனா எம் பொண்டாட்டி ஆபீசு வாசல்ல ஒக்காந்து ஊராளுக்கு மனு அடிக்கிறதுக்கு நான் சம்மதிச்சு எங்கயும் கையெழுத்துப் போடல" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அதைப் புத்தகத்தில் எழுதச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டரைக் கேட்டேன். பஸ் ஏறுவதைக் கேட்க மறந்துவிட்டேன்.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி புரட்டாசியிலேயே கோயம்புத்தூர் போய்விட்டார். அந்தக் கொட்டகையில் இப்போது சீனிச்சாமி என்று ஒருவர் கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார். அவர் அடித்த மனு ஒன்று சிமெண்டு வாங்க வந்தவர் கையில் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். வரிக்கு ஒரு பிழை.

நான் இங்கே பீரோவைத் திறந்து அவ்வப்போது அதை எடுத்து வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் உட்கார்ந்து யாருக்கு அடிப்பது? ஒருநாள் உங்களுக்கு இந்தக் கடிதத்தையே அதில் அடிக்கலாம் என்று திறந்தேன். பேட்டரி இறங்கிக் கிடந்தது. கரண்டும் இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டேன்.

என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆஃப்ரின் பெருநாளைக்கு மதினியோடு இங்கே வந்திருந்தாள். உங்களிடம் கலர் பென்சில் கேட்டு எழுதச் சொன்னாள். சின்னப் பெட்டிதான் வேண்டுமாம், அதுதான் அவள் பைக்குள் போகுமாம், விரல் வைத்து அளந்து காட்டினாள். சின்னப் பெட்டியே வாங்கி வாருங்கள். கடையில் அதைவிடப் பெரிதாக, அழகாக ஒன்று உங்கள் கண்ணில் படும். பட்டால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எனக்குச் செய்யாததை அவளுக்காவது செய்யுங்கள்.

இப்படிக்கு
ரஹ்மத் நிஷா